காய வைக்கிற நெருப்பு

"காய வைக்கறது நெருப்பாகுமா, கண்ணு?"

ரோவெனா கார்பெட் இதைக் கேட்டபோது நாங்கள் இருவரும் தீயணைப்புக் கொட்டகையின் பின்னால் நின்று, கழுவிய துணிக் குழாய்களைக் கம்பத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நான் அண்ணாந்து பார்த்தேன். குழாய்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. "வெயில் எப்படி நெருப்பாகும்?" என்றேன். அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். வேறு எதையோ கேட்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பள்ளி முடிந்து, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல், ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஊர்த் தீயணைப்புப் படையில் சேர்ந்திருந்தேன்.

ரோவெனா எங்கள் ஊர் முல்லரிங்கின் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர். ஐம்பதைத் தாண்டியவர். குட்டையான உருவம், ஆண்களின் காக்கி அரைக்கால்சட்டை, வருடம் முழுவதும் ஒரே பூட்ஸ். பிள்ளைகளைத் தலை எண்ண மாட்டார், சாப்பாட்டு டப்பாக்களை எண்ணுவார். "டப்பா தொலைஞ்சாத்தான் அழுவீங்க, ஆளு தொலைஞ்சா சிரிப்பீங்க" என்பார். பேருந்தில் சண்டை போட்டால் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு, கோதுமை வயலைப் பார்த்தபடி ஒரு தானியத்தைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். திட்ட மாட்டார். அந்த மௌனத்துக்கு எல்லோரும் பயப்படுவோம்.

கோடை வந்துவிட்டால் அவர் வேறு ஆள். தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர் அவர்தான். வெள்ளைத் தலைக்கவசம் அவருடையது. விடிந்ததும் வாசலுக்கு வந்து காய்ந்த புல்லைக் கிள்ளி மேலே எறிந்து காற்றைப் பார்ப்பார். பிறகு ரேடியோவை எடுப்பார். எங்கள் ஊரில் ஒவ்வொரு டிராக்டரிலும் ஒவ்வொரு சமையலறையிலும், பொத்தானை அழுத்திப் பேசுகிற அந்த ரேடியோ இருக்கிறது.

"முல்லரிங், ரோவெனா பேசறேன். இன்னிக்கு நெருப்புத் தடை. அறுவடை கிடையாது, வெல்டிங் கிடையாது, வயல்ல வண்டி எறங்கக் கூடாது. எவனாவது எறக்கினா எனக்குத் தெரிஞ்சிடும்."

இதனால் அவருக்குத் தடைக்காரி என்று பெயர். அவருடைய மகனின் கல்யாணத்தன்றும் தடை வந்தது. முற்றத்தில் வாட்டுவதற்கு வைத்திருந்த ஆட்டுக்கறியைத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினார். விருந்தாளிகள் டின் மீனும் ரொட்டியும் தின்றார்கள். மருமகள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்படிப்பட்டவருக்கு இரும்படிக்கும் ஆசை வந்தது. வயல் வேலிக் கதவுகளுக்கான கொக்கிகளைக் கடையில் வாங்கினால் வளைந்துவிடுகின்றனவாம். பழைய காஸ் சிலிண்டர் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மிச்ச வாயுவை வெளியேற்றிவிட்டு, இரண்டு பக்கமும் அறுத்து, அதையே உலையாக்க ஆரம்பித்தார். மழைக்காலம் முழுக்க அதே பேச்சு. உள்ளே வெப்பம் தாங்கும் வெள்ளைப் பஞ்சை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அதைத் தொடும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இழை நெஞ்சுக்குள் போய்விடும். பஞ்சின் மேல் உலைக் காரையைப் பூச வேண்டும். அடியில் சூளைக்கல். பர்னர் குழாய் மேலிருந்து சற்றே சாய்ந்து இறங்க வேண்டும். அப்போதுதான் சுடர் உள்ளே சுழலும். அடுத்த வயல்காரர் கென்னி ஸ்ட்ராஹன் வேலியில் சாய்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார். படையில் அவர்தான் இரண்டாவது ஆள்.

"என்ன ரோ, பன்றி சுடறதுக்கா?"

"ஒன்ன வச்சு சுடறதுக்கு. காலு வெளிய நீட்டும், பரவால்லியா?"

காரை பூசியபின் உலையை உடனே முழுச் சுடரில் எரிக்கக் கூடாது. காரைக்குள் தண்ணீர் இருக்கும். சின்னச் சுடர் வைத்து, அணைத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்து, பல நாள் மெதுவாகக் காய வைக்க வேண்டும். ரோவெனா அதை ஒழுங்காகத்தான் செய்துவந்தார். அறுவடை முடியும் தறுவாயில், காற்று சுழன்றடித்த ஒரு நாள், காலையில் அவரே ரேடியோவில் தடை சொன்னார். சொல்லிவிட்டுத் தன் வீட்டுக் கொட்டகைக்குப் போய் உலையில் சின்னச் சுடரை வைத்தார்.

பிறகு என்னிடம் சொன்னார்: "அப்ப எனக்குத் தப்பாவே தோணல. தடை நெருப்புக்குத்தானே, நான் காய வைக்கத்தானே போறேன்னு இருந்தேன். அந்த வார்த்தையே ஏமாத்திடுச்சு."

மதியம் காஸைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, நாய்களுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். டப் என்று ஒரு சத்தம். தகரக் கூரை வெயிலில் அப்படித்தான் சத்தம் போடும், அவர் திரும்பவில்லை. சற்று நேரத்தில் ரேடியோவில் யாரோ புகை என்று கத்தினார்கள். கொட்டகைக்குள் எட்டி காஸை மூடிவிட்டு, தீயணைப்பு லாரிக்கு ஓடினார்.

வேலிக்கு இந்தப் பக்கம் ரோவெனாவின் கொட்டகை, அந்தப் பக்கம் கென்னியின் அறுவடை இயந்திரம். இரண்டுக்கும் நடுவில் புல் எரிந்து, தீ கென்னியின் கடைசி வயலுக்குள் போய்விட்டது. அடுத்த வருட விதைக்கென்று அவர் அறுக்காமல் வைத்திருந்த கோதுமை. நாங்கள் தீயைச் சுற்றி வளைப்பதற்குள் பாதிக்கு மேல் கருகிவிட்டது. கொட்டகை வாசலில் சிமென்ட் தரை இருந்ததால் அது தப்பியது. "ரோவெனா கொட்டகையே போயிருக்கும் பாவம்" என்று எல்லோரும் பேசினார்கள். புகை எழும்பியவுடன் முதல் ஆளாக வந்து நின்றதற்காக அவர் முதுகில் தட்டினார்கள்.

அன்று மாலை, முகத்தில் கரியோடு எல்லோரும் தீயணைப்புக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது, ரோவெனா கேட்டார்: "கென்னி, வண்டிய எடுத்தியா?"

"கொஞ்சம் நகர்த்தினேன். நிழலுக்கு."

"காலையில நான் சொன்னது காதுல விழல?"

கென்னி பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் புகைக்குழாயில் ஒட்டிய வைக்கோல் பொறியாகி விழுந்திருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றியது. அவருக்குமே அப்படித்தான் தோன்றியது.

"ஒன்ன நம்பித்தானேடா ரெண்டாவது ஆளா வச்சிருந்தேன்" என்றார் ரோவெனா.

வீட்டுக்குப் போய்த்தான் அவர் உலையை எட்டிப் பார்த்திருக்கிறார். மேல்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை இல்லை. வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. உள்ளிருந்த ஈரம் ஆவியாகிக் காரையைப் பெயர்த்து எறிந்திருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே தேடினார். சிமென்ட் தரை முடிகிற இடத்தில், சாம்பலுக்கு நடுவில், அந்தத் துண்டு கிடந்தது.

மறுநாள்தான் நாங்கள் குழாய் கழுவினோம். கென்னி வந்தார். படையின் மஞ்சள் மேல்சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். தடையை மீறியவர் சட்டையைத் திருப்பித் தருவது எங்கள் ஊர் வழக்கம். யாரும் கேட்கத் தேவையில்லை. கூடவே, பையில் ஆட்டுத் தொடைக்கறி.

"நீ கேக்கறதுக்குள்ள நானே குடுத்துடறேன், ரோ. என்னால ஒன் கொட்டகையே எரிஞ்சிருக்கும். மன்னிச்சுடு."

ரோவெனா ஈரக் கையைத் துடைத்தார். சட்டையை வாங்கிக்கொண்டார். கறியையும் வாங்கிக்கொண்டார். கென்னியின் வண்டி போனபிறகு, கழுத்திலிருந்து காது வரை ரோவெனாவுக்குச் சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். அப்போதுதான் கம்பத்தைப் பார்த்தபடி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் வழக்கம்போல ரேடியோ கரகரத்தது. நான் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தேன்.

"முல்லரிங், ரோவெனா பேசறேன்." பிறகு: "கென்னி வண்டியால தீ வரல. என் உலையால வந்துச்சு. தடை சொல்லிட்டு நானே பத்த வச்சேன். முந்தாநேத்து ராத்திரியே தெரியும். அவன் மன்னிப்புக் கேட்டு நின்னப்பவும் தெரியும். கறிய வேற வாங்கிட்டேன். அவ்வளவுதான்."

எங்கள் வீட்டில் ரொட்டி கருகியது. கடைசியில் கென்னியின் குரல்.

"கறிய தின்னுட்டியா?"

"இல்ல."

"அப்ப திருப்பிக் குடு. சட்டையையும்."

ரோவெனா இரண்டையும் அன்றே கொண்டுபோய்க் கொடுத்தார், வெள்ளைத் தலைக்கவசத்தையும் சேர்த்து. தன் வயலில் விளைந்த விதைக் கோதுமையையும் லாரியில் ஏற்றிப் போனார். கென்னி கோதுமையை இறக்கிக்கொண்டார். தலைக்கவசத்துக்கு மட்டும் வெகுநேரம் தலையைச் சொறிந்தாராம். இப்போது காலையில் தடை சொல்வது கென்னி. அவர் குரலில் அந்த மிரட்டல் இல்லை. யாராவது ஏதாவது சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். ரோவெனா குழாய் சுருட்டுகிறார், கழுவுகிறார், கம்பத்தில் ஏற்றுகிறார். பேருந்தில் கதவைத் திறந்துவிட்டு மௌனமாகக் காத்திருக்கும் பழக்கம் போய்விட்டது. பிள்ளைகள் சண்டை போட்டால் "சரி, விடுங்க" என்கிறார். எங்களுக்கு அது பழகவில்லை.

உலையை மட்டும் அவர் உடைத்துப் போடவில்லை. பெயர்ந்த இடத்தில் புதுக் காரை பூசியிருக்கிறார். அது பழையதோடு நிறம் சேரவில்லை. போன வாரம், தடை இல்லாத குளிர்ந்த காலையில், நான் அங்கே இருந்தேன். வாசலைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, தரையை நனைத்து, வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு ரேடியோவை எடுத்தார். தடை இல்லாத நாளில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டார்.

"கென்னி, ரோவெனா பேசறேன். கொட்டகையில நெருப்பு வைக்கட்டுமா?"

"காய வைக்கத்தானே, ரோ? அதுக்கு எதுக்கு என்னக் கேக்கற?"

"நெருப்பு, கென்னி."

"சரி. நெருப்பு. வை."

சின்னச் சுடரை வைத்துவிட்டு, முக்காலியை உலைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாய்கள் தண்ணீருக்குக் கத்தின. அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து, நாய்களின் தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கித் தலையை அசைத்துவிட்டு, கண்ணை மறுபடி சுடரில் வைத்தார்.

வீட்டில் உலை கட்டும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லும்போது பெயரை மாற்றட்டுமா என்று ரோவெனாவிடம் கேட்டேன். வேண்டாம், பெயரோடே சொல் என்றார்.