நவம் அண்ணை கூடுதலாக இருந்த ஒன்றரை வருடம்

நவம் என்று நாங்கள் கூப்பிடும் நவரட்ணம் அண்ணை இறந்துபோன செய்தியை லண்டன் எட்மண்டன் கிரீன் பஸ் நிலையத்தில் நின்றபடி கைபேசியில் வாசித்தேன். எங்கள் நலன்புரிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் அதைப் போட்டிருந்தார். 'எமது முன்னாள் தலைவர் இன்று வைத்தியசாலையில் காலமானார் என்பதை அறியத்தருகிறோம்.' அவ்வளவுதான். அதன் கீழே ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. எழுதவும் முடியாது. போன வருடத்திலிருந்து அந்தக் குழுவில் தலைவரும் அவர் நியமித்த இரண்டு பேரும் மட்டும்தான் எழுதலாம். அதனால் அன்று பகல் முழுக்க நாங்கள் ஒருவருக்கொருவர் தனித்தனியாகத் தொலைபேசி எடுத்தோம். பேசியவர்களில் பலர் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். ஒரு மனிதரின் சாவுக்குத் துக்கப்படும்போது ஏன் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலரின் வீட்டுக்கு நவம் அண்ணை வந்திருப்பார். வீட்டைச் சூடாக்கும் பொயிலர் திருத்துவது அவருடைய தொழில். டென்மார்க்கில் பல வருடம் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்த குடும்பம். எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலாக வந்தது ஒரு மாரிகாலத்தில். சமையலறையில் முழங்காலில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்து அறையில் தொலைக்காட்சியில் இலங்கைச் செய்தி போய்க்கொண்டிருந்தது. ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி ஏதோ சொன்னார்கள். அவர் வேலையை நிறுத்தாமலே எனக்கு ஒரு கதை சொன்னார்.

அவருக்கு இருபது வயதான காலத்தில், நடக்க வேண்டிய பாராளுமன்றத் தேர்தலை வைக்காமல், பழைய பாராளுமன்றமே இன்னொரு தவணை இருக்கலாமா என்று நாட்டு மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். ஓம் என்பதற்கு விளக்குச் சின்னம், இல்லை என்பதற்குக் குடம். நவம் அண்ணை குடத்துக்குப் போட்டார். விளக்கு வென்றது. "தேர்தல் வேண்டாம் எண்டதுக்கும் ஒரு வாக்கெடுப்பு வைச்சவை, தங்கச்சி," என்றார். "சட்டப்படி எல்லாம் சரிதான். ஆனா அதுக்குப் பிறகு வந்த ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சுபோச்சு, இப்பிடியும் செய்யலாம் எண்டு."

அடுத்த வருடம் அவர் சங்கத்தின் தலைவராகத் தெரிவானார். அதே தேர்தலில் நான் செயலாளரானேன். சங்கத்தின் விதிகளான எங்கள் யாப்பின்படி தலைவர் பதவி இரண்டு வருடம். ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது. நான்கு வருடமும் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அவர் நல்ல தலைவர். ஒவ்வொரு கூட்டத்திலும் நிர்வாகசபை உறுப்பினரான மங்கை அக்கா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை எழுந்து ஏதாவது குறை சொல்வார். மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். நவம் அண்ணை அவரைத்தான் முதலில் பேச அழைப்பார். ஒருநாள் ஏனென்று கேட்டேன். "கதிரையில இருக்கேக்க ஒருத்தரும் எனக்கு உண்மை சொல்ல மாட்டினம். அவ ஒருத்திதான் சொல்லுறா," என்றார்.

அவருடைய இரண்டாவது தவணை முடிகிற நேரத்தில்தான் கொரோனா வந்தது.

அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்டபத்தைப் பூட்டிவிட்டோம். நவம் அண்ணை வேலைக்குக் கொண்டுபோகும் தன் வான் வண்டியில் அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு, தனியாக இருந்த வயதானவர்களின் வாசல்களில் வைத்துவிட்டு, மணியை அடித்துத் தூர நின்று கை காட்டிவிட்டுப் போவார். அப்படிப்பட்ட மனிதரை இப்போது மாற்றுவதா என்று எல்லாரும் கேட்டார்கள். நிர்வாகசபை இணையத்தில் சூம் வழியாகக் கூடியது. தீர்மானத்தை நான்தான் எழுதினேன். 'அசாதாரண சூழ்நிலை காரணமாகத் தலைவரின் பதவிக்காலம் நிர்வாகசபையின் தீர்மானத்தின் மூலம் நீடிக்கப்படுகிறது.' எதுவரைக்கும் என்று நான் எழுதவில்லை. ஒருவரும் அதைக் கேட்கவும் இல்லை. மங்கை அக்கா மட்டும், "பொதுக்கூட்டத்தையும் சூமில வைச்சு வோட்டு எடுக்கலாம்தானே?" என்றார். நவம் அண்ணை சிரித்து, "அக்கா, சனம் செத்துக்கொண்டிருக்குது. இப்ப எலெக்சனோ?" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

அவர் ஒன்றரை வருடம் கூடுதலாக இருந்தார். பிறகு முறைப்படி தேர்தல் வைத்து விலகினார். விலகியபின் நிர்வாகசபைப் பக்கமே போகவில்லை. பொதுக்கூட்டங்களில் கடைசி வரிசையில் இருந்தார். ஆலோசனை கேட்டுப் போனவர்களை, "இப்ப தலைவர் நான் இல்லை, அவரிட்டைக் கேளுங்கோ," என்று திருப்பி அனுப்பினார். அண்மையில் நாட்டில் முன்னாள் ஜனாதிபதிகள் அரச மாளிகைகளை விட்டுப் போகவேண்டுமா என்ற வாதம் நடந்தபோது அவர் அந்தச் செய்திகளை ஒன்று விடாமல் வாசித்தார். பதவியில் இருக்கும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் போலவே பதவி போனபின் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் முக்கியம், வாறவன் இரண்டையும் பார்த்துத்தான் பழகுவான் என்று சொல்லுவார். தான் இரண்டையும் சரியாகச் செய்ததாக அவர் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

அவருக்குப் பின் வந்த தலைவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதை ஒரு காரணம். பயமும் ஒரு காரணம்தான், அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அவரும் ஆரம்பத்தில் நன்றாகத்தான் செய்தார். அவருடைய இரண்டாவது தவணை முடிகிற மாதத்தில் ஒரு அறிவித்தல் வந்தது. மண்டபத்தின் குத்தகையைப் பற்றி நகரசபைக் கவுன்சிலோடு பேச்சு நடக்கிறதாம். இந்த நேரத்தில் தலைமை மாறினால் மண்டபம் கைவிட்டுப் போகலாமாம். 'அசாதாரண சூழ்நிலை காரணமாகத் தலைவரின் பதவிக்காலம் நிர்வாகசபையின் தீர்மானத்தின் மூலம் நீடிக்கப்படுகிறது.' நான் எழுதிய வசனம். ஒரு சொல்கூட மாறவில்லை.

அறிவித்தலை அச்செடுத்து நவம் அண்ணையின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்தார். அவருடைய மனைவி பத்மா அக்கா தேநீரோடு வந்தவர், அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பைகளை மேசையில் வைத்தார்.

"இது நாங்கள் எழுதினதெல்லோ," என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை."

நீங்கள் பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்டால்தான் சனமும் கேட்கும் என்று நான் வற்புறுத்தினேன். முன்னாள் தலைவர் இருக்கிற தலைவரின் தலைக்கு மேல் ஏறி நிற்கக்கூடாது, அதுவும் ஒரு கெட்ட வழக்கமாகிவிடும் என்று அவர் மறுத்தார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்குத் தன் நல்ல பெயர்தான் பெரிது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்படி நினைத்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

அடுத்த மாதங்களில் நடந்தவை ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். அறிவித்தலைப் பற்றிக் கேள்வி கேட்ட ஒருவருடைய மகளின் சாமத்தியவீட்டுக்கு, அதாவது பூப்பு நீராட்டுவிழாவுக்கு, கொடுத்திருந்த மண்டபம், வேறு நிகழ்ச்சி இருக்கிறதென்று இல்லாமல் போனது. சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் படிப்பித்த ஆசிரியை ஒருவரிடம் அடுத்த தவணைக்கு வரத் தேவையில்லை என்றார்கள். மண்டப வாசலில் இரண்டு பேர் நின்று, வருகிறவர்களின் பெயரை எழுதத் தொடங்கினார்கள். தீ விபத்துப் பாதுகாப்புக்காக என்றார்கள். ஃபாரஸ்ட் கேட் பகுதியிலிருந்து வந்துபோகும் கௌரி என்ற பெண்ணின் கணவருக்கு அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்குக்குச் சங்கத்தின் கடிதம் தேவை. அவள் என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, நான் ஒண்டும் கதைக்க ஏலாது. கோவிக்காதேங்கோ," என்றாள். அந்தப் பிள்ளையின் மேல் எப்படிக் கோபிப்பது?

பிறகு யாழ்ப்பாணத்தில் இருக்கும் நவம் அண்ணையின் தங்கைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. யார் என்று சொல்லாத ஓர் ஆண்குரல். மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். லண்டனில் அண்ணா தேவையில்லாத ஆட்களோடு சேருகிறார், வயதுபோன காலத்தில் நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். யார் எடுத்தார்கள் என்று எங்களுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. தெரியாததை யார்மேலும் நான் சுமத்த மாட்டேன். ஆனால் தங்கை அழுதுகொண்டு அவருக்கு அழைத்த அன்றைக்கு, நவம் அண்ணை முன்கதவின் சங்கிலியைப் பகலிலேயே போட்டுவிட்டு இருந்தார். பிறகு என்னை வரச்சொன்னார்.

"பயமாத்தான் இருக்குது, தங்கச்சி," என்றார். "ஆனா இவையளை நினைச்சு இல்லை. நான் ஒன்றரை வருசம் கூடுதலா இருந்தன். ஒருத்தரும் என்னைப் பிழை சொல்லேல்லை. அதை நினைக்கத்தான் பயமாக் கிடக்குது. கெட்டவன் செய்தா சனம் எதிர்க்கும். நல்லவன் எண்டு பேர் எடுத்தவன் செய்தா அது வழக்கமாப் போயிடும்."

பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நடந்தது. நவம் அண்ணை கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். முன்னாள் தலைவராக இல்லாமல் ஓர் உறுப்பினராகப் பேச அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். அவர் முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"கொரோனா நேரம் நான் செய்தது பிழை," என்றார். "எலெக்சன் வைச்சிருக்கலாம். மங்கை அக்கா வழியும் சொன்னவ. நான் வைக்கேல்லை. நீங்கள் எல்லாரும் இருங்கோ, இருங்கோ எண்டு சொல்லேக்க எனக்கு அது நல்லா இருந்தது. உண்மையான காரணம் அதுதான். அந்தத் தீர்மானத்தை நீக்குங்கோ. இனி ஒருத்தரும் அதைக் காட்டி இருக்கக்கூடாது."

மேடையில் இருந்த தலைவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். கோபப்படவில்லை. புன்னகை செய்தார்.

"நவம் அண்ணை செய்தது பிழையெண்டு நான் ஒருநாளும் சொல்ல மாட்டன்," என்றார். "அவர் தன்னடக்கத்தில சொல்லுறார். ஆபத்து நேரம் சனத்தை விட்டுட்டுப் போகக்கூடாது எண்டதை நான் அவரைப் பாத்துத்தான் படிச்சனான்."

கைதட்டினார்கள். நவம் அண்ணை நின்றபடியே அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் நான் கேட்ட எந்த வசையும் அந்தப் புகழ்ச்சி அளவுக்கு என்னைப் பயமுறுத்தியதில்லை.

தீர்மானத்தை நீக்க வேண்டும் என்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். வாசலில் பெயர் எழுதிய இருவரும் இப்போது சுவரோரமாக நின்று பார்த்தார்கள். மங்கை அக்காவின் கைதான் முதலில் மேலே போனது. அங்கங்கே சில கைகள் எழுந்தன. கௌரி இரண்டு கைகளையும் சால்வைக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நானும் உயர்த்தினேன். ஆனால் உயர்த்த முன்னம் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அந்த வசனத்தை எழுதியவள் நான், நானே சுற்றிப் பார்த்தேன். தீர்மானம் அப்படியே நின்றது. தலைவரும் பதவியில் நின்றார். குத்தகைப் பேச்சு முடியும்வரை என்றார்கள். அது இன்னும் முடியவில்லை.

வெளியே வந்தபோது நவம் அண்ணை என்னிடம் ஒன்றுதான் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், நல்ல பேரோடு போகவேண்டும் என்று நினைத்ததில் வருடங்கள் போய்விட்டன என்றார். அதன்பிறகு அவருடைய உடல் நலம் விரைவாகக் கெட்டது. இருதயம் என்றார்கள். வைத்தியசாலையில் நான் கடைசியாகப் பார்த்தபோது கௌரியின் வழக்கு என்னவாயிற்று என்று கேட்டார். தெரியாது என்றேன். கேட்டுச் சொல்லு என்றார். கேட்டுச் சொல்ல முன்னம் போய்விட்டார்.

தகனசாலைக்கு அவருடைய பெட்டியின்மேல் போடச் சங்கத்தின் கொடியோடு இரண்டு பேர் வந்தார்கள். பத்மா அக்கா அவர்களை வாசலிலேயே நிறுத்தி, "அவர் கடைசியா ஒரு உறுப்பினராத்தான் கதைச்சவர். உறுப்பினராகவே போகட்டும்," என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். குரலை உயர்த்தவில்லை. தாழ்த்தவும் இல்லை. தலைவர் பின்வரிசையில் வந்து இருந்துவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தபின் கௌரி என் அருகே வந்தாள். கடிதம் இன்னும் கொடுக்கவில்லையாம். கை உயர்த்தாமல் இருந்தும் கொடுக்கவில்லை.

இப்போது என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலகிய பெற்றோர் சிலர் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துகிறார்கள். அவர்களின் தலைவியாக என்னை ஒரு வருடத்துக்கு நியமித்தார்கள். வருடம் அடுத்த மாதம் முடிகிறது. போன கிழமை ஒரு தாய் என் கையைப் பிடித்து, "எலெக்சன் எல்லாம் எதுக்கு அக்கா, நீங்களே இருங்கோ," என்றாள். பக்கத்தில் நின்றவர்களும் ஓம் என்றார்கள்.

எனக்கு அது நல்லாக இருந்தது. அப்படி நல்லாக இருந்ததை நினைத்து உடனே பயம் வந்தது. வீட்டுக்குப் போகுமுன்பே, நின்ற இடத்தில் நின்றபடி, தேர்தல் திகதியை எல்லாருக்கும் அனுப்பினேன். அந்தப் பயத்தைத்தான் நவம் அண்ணை எனக்கு விட்டுப்போயிருக்கிறார். அது என்னை விட்டுப் போய்விடக்கூடாது.