வெள்ளைக் கார் விற்றுப்போன கதை

ஒரே மாடல், ஒரே வருடம், வெளியே பார்த்தால் ஒரே முகம். ஆனால் அந்த இரண்டு கதவு ஜப்பான் காரில் மூன்று ஸ்பெக் உண்டு. காரின் ரகத்தை எங்கள் நாட்டில் ஸ்பெக் என்றுதான் சொல்வோம். எந்த ஸ்பெக்கை வாங்குவது என்று நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். போய் வாங்கிக்கொண்டு வந்தவர் என் கணவர். என் வயிற்றெரிச்சல் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

நான் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. ஒரு காலத்தில் கிராணி என்றால் மீசை வைத்த ஆம்பளைதான். இப்போது சுடிதார் போட்ட நானும் கிராணிதான். என் கணவர் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மலையிறங்கி ஈப்போவுக்குப் போய் ஆட்டோகிராஸ் ஓட்டுவோம். பெரிய பந்தயம் என்று நினைத்துவிட வேண்டாம். காலியாகக் கிடக்கும் கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சு நிறக் கோன்களை நட்டு வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியாக, வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். குறைந்த நேரத்தில் முடிக்கிறவருக்கு வெற்றி. கோனைத் தட்டினால் நேரத்தில் இரண்டு வினாடி ஏற்றிவிடுவார்கள். பரிசு ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அந்தக் கோப்பைக்கு ஆளாளுக்கு உயிரை விடுவோம்.

மூன்று வருடம் எங்கள் பழைய நாலு கதவுக் காரில்தான் ஓட்டினோம். முதலில் அவர் ஓட்டுவார், இறங்கியதும் அதே காரில் நான் ஏறுவேன். என் கொழுந்தனும் வருவான். கணவருக்கு ஒரே தம்பி; கோலா தெர்லாவில் காய்கறி லாரி ஓட்டுகிறவன். அவனுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கார் இருந்தது, தகர டப்பா மாதிரி இலேசானது. ஒவ்வொரு மாதமும் என்னைவிட அரை வினாடி, ஒரு வினாடி முன்னால் முடிப்பான். முடித்துவிட்டுச் சும்மா போகமாட்டான். கார் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு, "அண்ணி, லேடீஸ் கிளாஸ்னு ஒண்ணு தனியா இருக்குல்ல? அதுல பேர் குடுக்கலாம்லா" என்பான். நான் ஒருநாளும் அதில் கொடுத்ததில்லை. பொது வகுப்பில்தான் ஓட்டுவேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: நானே பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரு நல்ல காரில் உட்கார்ந்து, அதே கோன்களைச் சுற்றி, அவனை ஒரே ஒரு முறை தோற்கடிக்க வேண்டும். இதை என் கணவரிடம் ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். "செஞ்சிருவோம்" என்றார்.

அப்படித்தான் இரண்டு கதவுக் காரைத் தேட ஆரம்பித்தோம். புதிதாக வாங்கும் யோகம் எங்களுக்கு இல்லை, பழையதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, கைப்பேசியில் விளம்பரங்களைப் பார்ப்போம். கீழ் ஸ்பெக் இலேசு, விலையும் குறைவு. ஆனால் பின் அச்சில் லாக் கிடையாது. மேல் ஸ்பெக்கில் தோல் சீட், ஆட்டோ கியர், கூரையில் திறக்கிற கண்ணாடி, எல்லாச் சொகுசும் உண்டு. சொகுசெல்லாம் சேர்ந்து எடைதான். நடு ஸ்பெக்தான் நான் கண் வைத்தது. துணி சீட், மொட்டைக் கூரை, காலால் கிளட்சை மிதித்துப் போடும் கியர், விறைப்பான ஸ்பிரிங். அதோடு பின் அச்சில் லாக்.

லாக் என்றால் என்ன என்று எங்கள் மலையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் காய்கறித் தோட்டத்துச் சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுழல, வண்டி நகராமல் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கோனை ஒட்டி வேகமாகத் திரும்பும்போதும் அதே கதைதான். உள்பக்கச் சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும், இழுவையெல்லாம் அதிலேயே வீணாகும். லாக் இருந்தால் அடுத்த சக்கரத்துக்கும் இழுவை போகும், கார் திருப்பத்திலிருந்து பாய்ந்து வெளியே வரும். அதற்காகத்தான் நடு ஸ்பெக். வாங்கும்போது எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருந்தேன். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். அடுத்த சக்கரம் அதே பக்கம் சுற்றினால் லாக் உண்டு. எதிர்ப்பக்கம் சுற்றினால் இல்லை. இதை என் கணவரிடம் சொன்னபோது, ஃபிட்டருக்கே சொல்லித் தருகிறாயா என்று சிரித்தார்.

கடைசியில் ஈப்போவில் ஒரு பழைய கார்க் கடையில் கிடைத்தது. வெள்ளை நிறம், நடு ஸ்பெக். படத்தில் கியர்க் கம்பியின் தலையில் யாரோ மரக் குமிழ் மாட்டியிருந்தது தெரிந்தது. அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கும். பார்க்கப் போகவேண்டிய சனிக்கிழமை மாதக் கடைசியாக அமைந்தது. மாதக் கடைசியில் கிராணி நாற்காலியை விட்டு எழுந்தால் தோட்டமே நின்றுவிடும். "நான் தம்பியக் கூட்டிட்டுப் போய் பாத்துட்டு வரேன், நீ கவலப்படாத" என்றார். நானும் மடத்தனமாகத் தலையாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் வந்து நின்றது சிவப்புக் கார். கூரையில் கண்ணாடி பளபளத்தது. உள்ளே தோல் சீட், ஆட்டோ கியர்.

"வெள்ள எங்கங்க?"

"வித்துப்போச்சு. நாங்க போறதுக்கு முன்னாடியே எவனோ எடுத்துட்டான். கடக்காரத் தவுக்கே இதக் காட்டுனாரு. இதுலயும் லாக் இருக்காம். ஒனக்கும் தானா ராத்தா டவுனுக்குப் போய்வர சொகமா இருக்கும், பாரு."

அழுகை வந்தது. ஆனால் அவர் அலைந்து திரிந்து களைத்து வந்திருந்தார். விற்றுப்போன காருக்கு அவர் என்ன செய்வார் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலை அவர் கம்போங் ராஜா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனதும் ஜாக்கியைப் போட்டேன். இடது சக்கரத்தை முன்னால் சுற்றினேன். வலது சக்கரம் பின்னால் சுற்றியது. பெயருக்குக்கூட லாக் இல்லை. கடைக்காரன் அவர் காதில் பூ சுற்றிவிட்டான் என்று நினைத்தேன். பார்த்ததே இல்லாத அந்தத் தவுக்கேயை வாய் வலிக்கத் திட்டினேன். அந்த மனிதர் என்னை மன்னிக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்து நுழைவாயிலில் முனியாண்டி கோயில் இருக்கிறது. புது வண்டியோ பழைய வண்டியோ, கைமாறி வந்தால் முதலில் அங்கே நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் மலையிறங்குவோம். அதைச் செய்யாமல் அந்த வளைவுகளில் வண்டி ஓட்டுகிற துணிச்சல் எங்கள் லயத்தில் ஒருவருக்கும் கிடையாது. என் கணவர் மட்டும் என்னவோ, நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நானே காரை எடுத்துக்கொண்டு போனேன்.

பூசாரி எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிற மெஷின் பிடிப்பவர். குளித்துவிட்டு அப்போதுதான் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். சிவப்புக் காரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அலாமாக், கிராணியம்மா! ஒரே வாரத்துல ரெண்டு காரா? புதன்கெழமதான் வெள்ளக் காருக்குப் பூச போட்டேன்!"

"எந்த வெள்ளக் காரு?"

"ஒங்க வீட்டுக் காருதான்லா. அண்ணனும் தம்பியும் கொண்டாந்தாங்க. ஒங்க வீட்டுக்காரருதான் உள்ள உக்காந்து பழத்து மேல ஏத்துனாரு. தம்பி சூடம் சுத்துனாரு. மரத்துல ஒரு குமிழு இருந்துச்சு, கியர்ல. அதுக்குக்கூட நான் குங்குமம் வெச்சேனே."

அவர் பழங்களை எடுத்து வந்து என் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விற்றுப்போனது உண்மைதான். வாங்கிய அந்த எவனோ என் கொழுந்தன். வாங்க வைத்தவர் என் கணவர். என்னிடம் பொய் சொல்ல அவர்களுக்கு நாக்கு வந்தது. முனியாண்டிக்குப் பழம் வைக்காமல் வண்டி ஓட்ட மட்டும் பயம் விடவில்லை. பூசாரியிடம் இதை வெளியே சொல்லாதீர்கள் என்று சாமி முன்னால் கேட்கவும் வாய் வந்திருக்காது. பூசாரி "ஏத்தும்மா" என்றார். ஏற்றினேன். பழங்கள் நசுங்கின.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. பொறுமை என்று யாரும் புகழ வேண்டாம். எனக்குப் பொறுமை கிடையாது. அவராக வாயைத் திறந்து சொல்கிறாரா என்று பார்க்கத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் இருந்தது அடுத்த ஓட்டத்துக்கு. ஒன்பது நாளும் என் எதிரே உட்கார்ந்து நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். சிவப்புக் காருக்கு டயரில் காற்று எவ்வளவு வைக்கலாம் என்று அக்கறையாகக்கூடக் கேட்டார். புறப்படும் நாள் காலையில்தான், ஏதோ இப்போது நினைவுக்கு வந்ததுபோல, "தம்பியும் ஒரு வெள்ள எடுத்துட்டான் போல. பினாங்குல கெடச்சுச்சாம்" என்றார். அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஈப்போவில் கொழுந்தன் என் கண்ணைப் பார்க்காமல் ஹெல்மெட் வாரை இழுத்து இழுத்துக் கட்டினான். லேடீஸ் கிளாஸ் பேச்சை அன்றைக்கு எடுக்கவில்லை. நான் அந்த வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். மரக் குமிழில் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆளுக்கு மூன்று ஓட்டம். அதில் சிறந்தது கணக்கு. நான் உயிரைக் கொடுத்து ஓட்டினேன் என்று கூசாமல் சொல்வேன். மூன்று ஓட்டத்திலும் ஒரு கோனைக்கூடத் தொடவில்லை. ஆனால் கடைசியில், ஒற்றைக் கோனைச் சுற்றி முழுதாகத் திரும்புகிற இடத்தில், ஒவ்வொரு முறையும் உள்பக்கச் சக்கரம் சும்மா கீச்சிட்டுச் சுழன்றது. நான் பெடலை மிதிக்க மிதிக்க அந்தக் கனத்த கார் யோசித்து யோசித்துப் புறப்பட்டது. அதே இடத்தில் வெள்ளைக் கார் சறுக்காமல் பாய்ந்து வெளியேறியது. மூன்றில் ஒரு பங்கு வினாடி வித்தியாசத்தில் தோற்றேன். என் கணவர் ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தோளில் தட்டினார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். சிம்பாங் பூலாய் தாண்டி மலையேறத் தொடங்கியதும் கேட்டேன்.

"அந்த வெள்ளக் காருக்கு நீங்கதான் பழம் ஏத்துனீங்களாமே. பூசாரி சொன்னாரு. ஏங்க அப்படிச் செஞ்சீங்க?"

நான்கைந்து வளைவுகள் போயின. காய்கறி லாரி ஒன்று எதிரே இறங்கி வந்தது, ஒதுங்கி வழி விட்டேன்.

"அவன் தெனமும் லாரிக்காரனுங்களோட நிக்கிறவன்" என்றார் மெதுவாக. "அண்ணிகிட்ட தோத்துட்டான்னா அவனுங்க அவன வெச்சு செய்வானுங்க. வெளிய தல காட்ட முடியாது."

"நான் தோத்தா மட்டும் பரவால்லையா?"

"நீ எங்க தோக்கப் போற?" அவருக்குத் திடீரென்று கோபம் வந்தது. "மூணு வருஷமா பக்கத்துல நின்னு பாக்குறேன்லா. அந்த ஓட்டக் கார்லயே அவன அரை செகண்டுல தொரத்துனவ நீ. அந்த ஸ்பெக்க ஒன் கையில குடுத்தா அவன் ஒன் கிட்டயே வர முடியாது. எனக்குத் தெரியாதா? அதான் குடுக்கல."

மூன்று வருடத்தில் என் ஓட்டத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.