கக்கத்துச் சட்டை

செய்யூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. பண்ணையில் கூலி வேலை செய்கிற எங்கள் ஆட்கள் பெரிய தெருவில் சட்டை போட்டு நடக்கக்கூடாது. பஸ் வரும் ரோட்டுக்கு அந்தத் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் சட்டையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், ரோட்டுக்கு ஏறியதும் மாட்டிக்கொள்வோம். திரும்பும்போது அதே இடத்தில் கழற்றுவோம். பிள்ளைகளே, அது அவமானம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அவ்வளவு பழகிவிட்டது.

உங்கள் அம்மா செங்கல்பட்டு டவுனில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த முதல் மாசி மகத்துக்கு மகாபலிபுரம் கடலில் குளிக்கப் புறப்பட்டோம். அவள் அப்பா கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை என் கக்கத்தில் இருந்தது.

"இன்னாய்யா, சட்டய இடுக்கிகினு வர? குளுரு கக்கத்துக்கு மட்டுந்தானா?" என்றாள்.

"அழுக்காயிடும்" என்று பொய் சொன்னேன்.

"அப்போ பொட்டியிலயே வச்சிட்டு வா. இன்னும் சுத்தமா இருக்கும்."

பெரிய தெரு முனைக்கு வந்ததும் உண்மையைச் சொன்னேன். அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கப்பா உனுக்குப் போட்டுக்கக் குடுத்தாரு. தூக்கிகினு போறதுக்கு இல்ல. போட்டா வரேன். இல்லன்னா நீயே போய் குளிச்சிட்டு வா."

எனக்குப் பயம். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். எங்கள் சோறு அந்தப் பண்ணையில்தான் இருந்தது. ஆனாலும் போட்டேன். பித்தானை அவள்தான் மாட்டிவிட்டாள்.

பண்ணைக் காரியஸ்தர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "டேய்! தொர எந்த ஊருக்குக் கலெக்டரா போறாரு? கழட்டுடா!"

"முடியாதுங்க" என்றேன். 'ங்க' என்னை விட்டுப் போகவில்லை. முடியாது என்பது மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

"நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடாத!"

"வாய்யா, பஸ்ஸு பூடும்" என்று அம்மா முன்னால் நடந்தாள்.

சொன்னபடி வேலை போயிற்று. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டப் போனேன். அங்கும் அதே சட்டைதான். கட்டை சுமந்ததில் தோளில் கிழிந்தது. அம்மா தன் பழைய சிவப்புப் புடவையில் ஒரு துண்டு கிழித்து ஒட்டுப் போட்டாள்.

"வெள்ளச் சட்டைக்குச் செவப்பு ஒட்டா?"

"தூரத்துலயே தெரியட்டும்."

தோப்புக்கு வரப்பு வழியாகக் குறுக்குப் பாதை உண்டு. நான் தினமும் பெரிய தெரு வழியாகத்தான் போனேன்.