மெதுவாக நடப்பவருக்கு இரண்டு நாள்

இதை எழுதச் சரியான ஆள் நான் இல்லை. ரெஜினா அக்காவைப் பற்றிச் சொல்ல அவருடைய கோயில் அன்பியக் குழுவினர் இருக்கிறார்கள். டயாலிசிஸ் மையத்தில் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த தோழிகள் இருக்கிறார்கள். அவர் அனுப்பிவைத்து ஊர் சுற்றி வந்த கிள்ளான் குடும்பங்கள் இருக்கின்றன. நான் பிரிக்பீல்ட்ஸ் பயண அலுவலகத்தில் அவருக்கு எதிர் மேசைக்காரி, அவ்வளவுதான். உங்களில் பலர் என் குரலைக் கேட்டிருக்க மாட்டீர்கள். பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்துக் கொடுக்கும் பெண் என்றால் ஒருவேளை நினைவு வரலாம். முப்பதாம் நாள் பூசைக்காகப் போடும் இந்தச் சிறு மலரில் இடம் எடுத்துக்கொள்வதற்கு மன்னியுங்கள். எழுந்து நின்று பேசச் சொன்னால் என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் ரயிலில் இருந்தேன். அப்பா துறைமுகத்துக்கு லோரி எடுக்கப் போகும் முன் பண்டமாரானிலிருந்து என்னைக் கிள்ளான் நிலையத்தில் கொண்டுவந்து விடுவார். வண்டி சுபாங் தாண்டும்போது முதலாளியின் குரல் பதிவு வந்தது. நெரிசலில் போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். "கோமதி, ரெஜினா போயிட்டாங்கமா. நீ போய் ஆபீசத் திறந்துரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்." போய்த் திறந்தேன். விளக்கைப் போடுவதற்குள் மேசைத் தொலைபேசி அடித்தது.

"ரெஜினா அக்கா இருக்காங்களா?"

"இல்லைங்க."

"எத்தனை மணிக்கு வருவாங்க?"

நான் அக்காவின் நாற்காலியைப் பார்த்தேன். அந்தப் பெண், "ஹலோ, லைன் இருக்கா?" என்று இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அக்காவிடம் பயணத் திட்டம் போட வந்தவர்களுக்குத் தெரியும், அவர் எந்த இடம் பார்க்க வேண்டும் என்று முதலில் கேட்க மாட்டார். கிள்ளானிலிருந்து பாண்டியன் அங்கிள் குடும்பத்தோடு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்கு ஒரு சனி, ஞாயிறு அவர்களுக்குக் கிடைத்திருந்தது.

"என்னம்மா ரெஜினா, ரெண்டு நாளு இருக்கு. அப்படியே ஒரு எட்டு ஆம்ஸ்டர்டாமும் பாத்துரலாம். ஞாயித்துக்கிழமை ஃபுல்லா ஷாப்பிங். சொந்தக்காரங்களுக்குச் சாக்லெட் வாங்காம வந்தா கேட்டுக்குள்ள விடமாட்டாங்க லா."

"அண்ணே, ஞாயித்துக்கிழமை அங்க கடையே திறக்காது."

"ஏன், ஊரடங்கா?"

"அவங்களுக்கு வாராவாரம் ஊரடங்கு. நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழமை நாம கடைக்குப் போவோம். அங்க கடையும் வீட்டுக்குப் போயிரும். அத விடுங்க. உங்க கூட்டத்துல யாரு ரொம்ப மெதுவா நடப்பாங்க?"

"எங்க வீட்ல எல்லாருமே ஸ்ட்ராங்" என்றார் அங்கிள்.

அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார். "அண்ணி, பத்துமலைப் படி கடைசியா எப்ப ஏறுனீங்க?"

"நான் எங்கமா ஏறுறது? கீழயே நின்னு கும்பிட்டுருவேன்."

"அப்ப கொலோன்ல சர்ச் கோபுரம் வேணாம். அங்கயும் லிஃப்ட் கிடையாது, படிதான். கீழயே கும்பிட்டுரலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் என் மேசையிலிருந்து பார்த்தேன். அக்கா திட்டத்திலிருந்து ஆம்ஸ்டர்டாமை எடுத்தார், கோபுரத்தை எடுத்தார். சனிக்கிழமை காலை ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கும் பேராலயம், பிறகு ஆற்றங்கரை வரை பழைய நகரம், மாலைக்குள் சாக்லெட். ஞாயிற்றுக்கிழமை ரைன் ஆற்றில் ஒரு படகு. அதற்குப் பிறகு எதிர்க்கரையின் அகலப் படிகளில் உட்கார்ந்து, பேராலயத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்ப்பது. "கூட்டத்துல யாரு கடைசியா வருவாங்களோ அவங்களுக்குத்தான் பிளான் போடணும். முன்னால போறவனுக்குப் பிளானே தேவையில்ல" என்பார். திரும்பி வந்த அங்கிள், "ரெண்டு நாளும் சும்மா உட்கார்ந்துட்டு வந்தோம்" என்று குறைபட்டுக்கொண்டார். அடுத்த முறை அவர் வரவில்லை. மகள் போனில் இருக்கும் செயலியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் திட்டம் வந்துவிடுகிறதாம், ஆம்ஸ்டர்டாமும் சேர்த்து. இப்போது எங்கள் அலுவலகத்துக்கு அப்படிப் பலர் வருவதில்லை.

கொலோனைத் தெருத்தெருவாகத் தெரிந்து வைத்திருந்த அக்கா அங்கே போனதில்லை. அவருடைய ஒரே மகன் டேனியல் அங்கே படிக்கப் போய், வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். மகன் இருக்கும் ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. வேறு எதையும் அவர் ஆசை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கள், புதன், வெள்ளி காலைகளில் அவருக்கு டயாலிசிஸ். முடித்துவிட்டு மதியம் முழங்கையில் பஞ்சு ஒட்டியபடியே அலுவலகம் வருவார். வெளிநாட்டிலும் முன்பதிவு செய்து இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளலாம் என்று தெரிந்ததும் கணக்குப் போட ஆரம்பித்தோம். புதன்கிழமை இங்கே முடித்துவிட்டு விமானம் ஏறினால் வெள்ளிக்கிழமை அங்கே ஒன்று, திங்கட்கிழமை அங்கே ஒன்று, உடனே திரும்ப வேண்டும். வாரம் முழுக்கச் செலவழித்தாலும் அவர் கைக்கு வருவது சனியும் ஞாயிறும்தான். அதிலும் சனிக்கிழமைதான் உடம்பு லேசாக இருக்கும். ஞாயிறு மாலைக்குள் நீர் சேர்ந்து கால் கனத்துவிடும். அக்கா அதற்கும் சிரித்தார். "எனக்கும் அந்த ஊருக்கும் ஒரே மாதிரி ஞாயித்துக்கிழமைடி கோமு. ரெண்டு பேரும் கடைய மூடிட்டு உட்கார்ந்திருப்போம்."

எந்தத் திட்டத்தையும் நடந்து பார்க்காமல் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. அங்கே போய் நடக்க முடியாதே, அதனால் இங்கே நடப்பார். பேராலயத்திலிருந்து பாலம் கடந்து எதிர்க்கரைக்குப் போகும் தூரமும், எங்கள் அலுவலகத்திலிருந்து சென்ட்ரல் நிலையத்துக்குப் போகும் தூரமும் ஏறக்குறைய ஒன்று. மதிய உணவு வேளையில், பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் கற்களை ஒட்டி அக்கா நடப்பார், நான் கூடவே போவேன். பூக்கடை வந்தால் பாலத்தின் தொடக்கம். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வடைக்கடை வந்தால் பாலத்தின் நடு. அங்கே இன்னும் கொஞ்சம் நேரம் நிற்பார்.

"என்னக்கா, இன்னிக்கும் ஜெர்மனியா?" என்பார் வடைக்கடை அண்ணன்.

"ஆமா பாஸ், நடு ஆத்துல நிக்கிறேன். கூப்பிடாதீங்க, விழுந்துருவேன்."

"ஒரு வடையாவது சாப்பிட்டுப் போங்க."

"உங்க வடையில இருக்கிற உப்புக்கு நான் நேரா மோட்சத்துக்குப் போயிருவேன். அந்த டிக்கெட்ட இன்னும் போடல."

அவர் நின்ற நேரம் எல்லாம் திட்டத்தில் ஏறியது. ஒவ்வொரு மாதமும் நிற்கும் நேரம் நீண்டது.

மே மாதம் என்று முதலில் போட்டோம். அங்குள்ள சிகிச்சை மையத்துக்கு மின்னஞ்சல் எழுதுவது என் வேலை. அந்த மாதத்தில் இடம் இல்லை என்று பதில் வந்தது. செப்டம்பர் என்று மாற்றினோம். இடம் கிடைத்தது. ஆனால் இங்கே டாக்டர் இதயம் பலவீனமாக இருக்கிறது, விமானம் வேண்டாம் என்றார். மறுநாள் அக்கா டிசம்பருக்குத் திட்டம் போட உட்கார்ந்தார். நான் அவரையே பார்த்தேன். "பறக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. பிளான் போடக் கூடாதுன்னு சொல்லல லா" என்றார்.

டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் பழைய நகரம் போயிற்று. குளிர் மூச்சைப் பிடிக்கும் என்று படகு போயிற்று. பிறகு அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டார். நான் பார்க்கப் போன மாலை பேராலயத்தையும் எடுத்துவிட்டார். "வெளியில இருந்து பாத்தா போதும். ஞாயித்துக்கிழமை பாலத்துல நடந்து எதிர்க்கரைக்குப் போறோம். படியில உட்கார்றோம். டேனியல் பக்கத்துல இருக்கான். அவ்வளவுதான். இது சரியா வரும்" என்றார். சரியாக வரும் என்று நானும் சொன்னேன். அந்த அறையில் ஒரு தம்ளர் தண்ணீர்கூட அவருக்கு அளந்துதான் கொடுத்தார்கள். திட்டம் சரியாக வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடக்கத்துக்கு டேனியல் வந்து சேர்ந்துவிட்டார். வீட்டில் கூட்டம் குறைந்த பிறகு, அம்மா போட்ட கொலோன் திட்டத்தைப் பற்றி என்னிடம் அவராகவே பேச்செடுத்தார். "அதெல்லாம் நடந்திருக்காது கோமதி. ஏர்போர்ட்டையே அம்மாவால தாண்டியிருக்க முடியாது. அந்தப் பாலத்த நான் பத்து நிமிஷத்துல நடந்துருவேன். அம்மாவால முடியவே முடியாது." கோபமாகச் சொல்லவில்லை. அழுது ஓய்ந்த குரலில் சொன்னார். எதிர்க்கரைப் படியில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அங்கே போனதில்லை, ஞாயிறுகளில் பெரும்பாலும் ஷிப்ட் இருக்கும் என்றார். நான் தலையாட்டிவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். யார் ரொம்ப மெதுவாக நடப்பார்கள்? வருகிற சிலரிடம் கேட்கிறேன். என் குரல் அவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, கேட்டாலும் பலர் சிரிக்கிறார்கள். அவருடைய மேசையில் இப்போது அச்சு இயந்திரம் இருக்கிறது. இதனால் எல்லாம் எதுவும் மாறப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

டேனியல், பூசை முடிந்து நீங்கள் திரும்பிப் போகிறீர்கள். அன்று கேட்க வாய் வராததை இங்கே கேட்கிறேன். நடந்து பார்க்காத திட்டம் ஒன்றை அக்கா யார் கையிலும் கொடுத்ததில்லை. கடைசியாகப் போட்டதை மட்டும் யாரும் சரிபார்க்கவில்லை. ஷிப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாலத்துக்குப் போங்கள். தொடக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நடுவில் இன்னும் அதிக நேரம் நில்லுங்கள். எதிர்க்கரைப் படியில் போய் உட்காருங்கள். வெளிச்சம் போவதற்குள் போய்ச் சேர முடிந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். உங்கள் பத்து நிமிட நடையில் நடந்துவிட்டு மட்டும் அதைச் சொல்லாதீர்கள்.