சொட்டுக்காரரும் மூன்று ரேடார்களும்

வானிலை நிலையத்தில் அவரைச் சொட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயரை வைத்தவன் மச்சினன். வைத்த நாள் அவருடைய கல்யாண நாள்.

அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வட்டமான கண்ணாடித் திரையில் கடிகார முள் போல ஒரு பச்சைக் கோடு சுற்றிவரும். கூரைமேல் சுழலும் தட்டு அலையை வீசும். அது எதிலாவது பட்டுத் திரும்பினால் திரையில் ஒரு வெளிச்சத் திட்டு விழும். போய்வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம். அங்கே என்னவோ இருக்கிறது, இத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது; அதற்கு மேல் கேட்டால் அந்த ரேடார் கையை விரித்துவிடும்.

கல்யாணத்தன்று மனிதர் சும்மா இருந்திருக்கலாம். புதுச் சட்டையோடு நிலையத்துக்கு ஓடினார், பெரிய திட்டு ஒன்றைப் பார்த்தார், "மழை கொட்டப் போகுது" என்று திரும்பி வந்தார். மைதானத்தில் போட்டிருந்த இருநூறு நாற்காலிகளும் பக்கத்துக் கிடங்குக்குள் போயின. உள்ளே ஒரே ஒரு மின்விசிறி. வந்தவர்கள் வெந்துபோனார்கள். வெளியே சுள்ளென்று வெயில், மைதானம் நிறையத் தட்டான் பூச்சிகள். பெண்ணின் தம்பி வாசலில் நின்று வெளியே கையை நீட்டினான்.

"படிச்ச மாப்பிள்ளைன்னு நம்பி வந்தோம். ஒரு சொட்டாவது காட்டுங்க மாமா."

அன்றைக்கு ஒட்டிய பெயர்.

சில வருடங்களில் இரண்டாவது ரேடார் வந்தது. ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கும் அல்லவா? அதே போலத் திரும்பிவரும் அலையின் மாற்றத்தை வைத்து, எதிரே இருப்பது வருகிறதா போகிறதா, என்ன வேகம் என்று அது சொன்னது. வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் விளக்கினார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "என் தம்பி இங்க வர்றானா, ஊருக்குத் திரும்பிப் போறானான்னு சொல்லுமா?"

மூன்றாவது ரேடார் வந்தது போன வருடம். இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம். மாலை நான்கு மணிக்கு. அதே மைதானம்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதம். இரண்டு மணிக்கு மச்சினனின் கைபேசியில் வானிலைப் படம் கனமழை என்று சிவந்து நின்றது. சொட்டுக்காரர் மறுபடியும் புதுச் சட்டையோடு நிலையத்துக்கு ஓடினார்.

திரையில் அதே போல ஒரு பெரிய திட்டு. நேராக மைதானத்தை நோக்கி வருகிறது. கைபேசி அடித்தது.

"அப்பா, முந்நூறு நாற்காலி. உள்ளயா, வெளியயா?"

"ரெண்டு நிமிஷம்மா."

கைபேசியில் மகளுக்குப் பின்னால் மனைவியின் குரல்: "அவர்கிட்ட ஏன்டி கேக்கற? உள்ளே தூக்கிப் போடச் சொல்லு. ஒரு தடவை பட்டது போதாதா?"

புதிய ரேடார் படுக்கைவாட்டில் ஓர் அலையும் செங்குத்தாக ஓர் அலையும் சேர்த்தே அனுப்பும். பெரிய மழைத்துளி விழும்போது அடி தட்டையாகி, பன் ரொட்டி போல ஆகிவிடும். அதனால் துளிகள் எல்லாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் பதில் சொல்லும். சொட்டுக்காரர் அந்தப் படத்தைத் திறந்தார். அங்கே ஒரே குரல் இல்லை, சந்தைக்கடை இரைச்சல். வேகத்தையும் பார்த்தார்: காற்றை முந்திக்கொண்டு வருகிறது. எந்த மழை காற்றை முந்தும்?

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெளியவே இருக்கட்டும்மா. வர்றது மழை இல்ல. எங்க கல்யாணத்துக்கு வந்தவங்களேதான்."

"யாருப்பா?"

"வந்ததும் பாரு."

நான்கு மணிக்கு முந்நூறு பேரும் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். வடக்கே அடிவானம் லேசாக மங்கியது. மனைவி அவரை முறைத்தாள். மச்சினன் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி, கறுப்புக் குடையை விரித்தான்.

மங்கல் நெருங்கி வந்து மினுங்கியது. ஆயிரமாயிரம் கண்ணாடிச் சிறகுகள் வெயிலில் பளபளக்க, தட்டான்கள் மைதானத்தின் மேல் இறங்கின. குழந்தைகள் நாற்காலிகளை விட்டு ஓடினார்கள். மாப்பிள்ளையின் தோளில் ஒன்று, மகளின் தலைப்பூவில் இரண்டு. முறைப்பை மறந்து மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள்.

மச்சினன் குடையை மடக்கப் பார்த்தான். அதன் நுனியில் ஒரு சிவப்புத் தட்டான் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்படியே பிடி மச்சான்," என்றார் சொட்டுக்காரர். "விருந்தாளி உக்காந்திருக்காரு."

போட்டோ எடுத்து முடிகிற வரை அவன் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.