அம்மா பேசிய ஞாயிறுகள்

மாடல் ரயில் ஆர்வலர்களுக்கான உரையில் ஒருவர் சின்னத் தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். அந்த வாசனை எங்கள் ரெட்டியார்பாளையத்து வீட்டின் முன்னறைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது.

அங்கே அப்பா, மாதாகோயில் ஞாயிறு பூசைக்குப் பின் வருகிறவர்களுக்கு, அதேபோல ஸ்பிரிட்டால் தண்டவாளத்தைத் துடைத்தபடி மாடல் ரயில் பற்றிப் பேசுவார். தொண்டை அறுவையில் குரல் போனதும், அவர் எழுதித் தந்ததை அம்மா வாசித்தார்.

“வளைவுல வண்டி ஏன் சாயுது?” என்றார் ஒருவர்.

தாளில் அது இல்லை. அப்பா சிலேட்டை எடுப்பதற்குள் அம்மா சொன்னார்: “முன்பெட்டி கனம் பத்தாது. முன்னெல்லாம் இவரு தூக்கத்துலகூட இதத்தான் சொல்வாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போனதும் அப்பா சிலேட்டில் எழுதினார்: ‘இனி நீயே பேசு.’

“நீங்க உக்காந்து கேட்டா பேசுறேன்” என்றார் அம்மா.

அப்பா அந்த வருட மழைக்காலம் வரை உட்கார்ந்து கேட்டார். அவர் இறந்தபின் அம்மா ரயிலைப் பற்றிப் பேசியதே இல்லை.