தொட்டியைத் திறந்த கை

சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் அவருக்கு வாயு பார்க்கும் வேலை. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் தனியாக இறங்கி, கூரையோரம் மீத்தேன் தேங்கியிருக்கிறதா என்று கருவியால் சோதித்துவிட்டு வருவார். அதன் பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. அதனாலேயே கூட்டாளிகள் அவருக்கு ‘மூக்கு’ என்று பேர் வைத்தார்கள். அவருடைய அண்ணன் அந்த வாயு பற்றிக்கொண்டதில்தான் போனார். அடுத்த மாதமே இவர் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சுரங்கத்தை மூடிய பிறகு ஒரு சோதனைக் கொட்டகையில் வேலை கிடைத்தது. நிலக்கரியைக் கழுவும்போது மிஞ்சும் சேறு வெளியே மலையாகக் குவிந்து, மழை பெய்தால் தெருவெல்லாம் கறுப்பாக வழிந்தது. அந்தச் சேற்றை ஆளுயரத் தொட்டியில் போட்டு, பழைய சுரங்கத் தண்ணீரை ஊற்றி, காற்றுப் புகாமல் மூடினார்கள். தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் கரியைத் தின்று மீத்தேனை விடும். அதைக் குழாயில் பிடித்தால் அடுப்பெரிக்கலாம். ஆனால் காற்றுப் பட்டால் அவை செத்துப்போகும்.

“கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குக் காவலா? உங்களால முடியுமா?” என்றாள் மனைவி.

“திங்கறதும் வாயு விடறதும்தான் அதுங்க வேலை. உன் தம்பிய அஞ்சு வருஷம் வீட்ல வெச்சுப் பாத்தவனுக்கு இது ஒரு கஷ்டமா?”

இரண்டு மாதம் அசையாமல் கிடந்த, தொட்டியின் மீத்தேன் மீட்டர் ஒரு நாள் காலையில் ஏறத் தொடங்கியது. நாலு, ஒன்பது, பதினாறு சதவீதம். சுரங்கத்தில் ஒன்றைத் தாண்டினாலே ஆட்களை வெளியேற்ற ஆயத்தமாக வேண்டும். இங்கே ஏறுவதுதான் நல்லது என்று அவருக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. மின்சாரத்தை நிறுத்தினார், தொட்டியின் திருகுகளைக் கழற்றி மூடியைத் தள்ளினார், கதவுகளை விரியத் திறந்தார், வெளியே ஓடிவந்து தலைகளை எண்ண ஆரம்பித்தார். எண்ணுவதற்கு யாரும் இல்லை.

தான் செய்தது புரிவதற்குள் அரை மணி போய்விட்டது. மூடியைத் திருகினார். சாயங்காலம் குறிப்பேட்டில், ‘வாயு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவரை உத்தமர் என்று சொல்வதற்கில்லை. பதினொரு நாள் மூச்சு விடவில்லை. பன்னிரண்டாம் நாள், சோதனையை நடத்தும் ஆராய்ச்சிக்காரப் பெண் குறிப்பேட்டை மூடி வைத்தாள். எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா.

“இந்தக் கரி ஒத்துவராதுண்ணே. நிறுத்திடலாம்னு எழுதிட்டேன். நாளைக்கு அனுப்பணும். மலை கெடக்கிற மாதிரியே கெடக்கட்டும்.”

“கரி மேல தப்பில்லம்மா.”

“பின்ன?”

“வாயு வந்துச்சு. பதினாறு வரைக்கும். நாந்தான் தொறந்து விட்டுட்டேன்.”

“பதினாறா? கண்ணால பாத்தீங்களா?”

“பாத்ததாலதாம்மா தொறந்தேன்.”

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே இறுகியது. “பதினோரு நாள்! வாய்ல என்ன வெச்சிருந்தீங்க?”

அவர் குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு, “எங்க அண்ணன் செத்த அன்னிக்கும் ஏட்டுல வாயு இல்லன்னுதான் எழுதியிருந்துச்சு. எழுதினவன இன்னிக்கும் நான் திட்டறேன். இப்ப என் கையெழுத்தையும் அதுக்குக் கீழ வெச்சுப் பாக்க வேண்டியதாயிடுச்சு,” என்றார்.

அவள் பேனாவை நீட்டினாள். அவர் அந்த நாளின் பக்கத்தைப் புரட்டி, எழுதியிருந்ததை அடித்து, நடந்ததை எழுதினார்.

தொட்டியை மறுபடி நிரப்பினார்கள். பொய்க் குறிப்பு எழுதியவரைக் கொட்டகையில் வைத்துக்கொள்ள மேலதிகாரிகள் ஒப்பவில்லை. வெளியே இருந்த கரிச்சேற்று மேட்டில் லாரிகளுக்கு வழிகாட்ட அனுப்பினார்கள். டாக்டரம்மா தடுக்கவில்லை. தடுப்பாள் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

நாலாவது மாதம் அவள் மேட்டுக்கே ஏறி வந்தாள். “முப்பதத் தாண்டிடுச்சுண்ணே.”

“இப்ப யாரு பாத்துக்கறா?”

“ஆஸ்பத்திரில ஆயாவா இருந்தவங்க.”

“சுரங்கத்துல எறங்கினதுண்டா?”

“இல்ல.”

“அதாம்மா நல்லது,” என்று சொல்லிவிட்டு, அடுத்த லாரிக்குக் கை காட்டினார்.